கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"அந்தப் பொண்ணுக்கு ஏண்ணே பேரே வைக்கல?" என்று கேட்டாள் தங்கச்செல்வி.

தமீம் அன்சாரி கேமராவைப் பார்த்தான். பிறகு மனைவி நர்கிஸைப் பார்த்தான்.

"கல்யாணமாகி எட்டு வருசமாச்சு. எங்கிட்டயும் பேரு தெரியாதுன்னுதான் சொல்றாக" என்றாள் நர்கிஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

பாளையம்பட்டியில் அவர்கள் வீட்டு முன்னறையில் பேட்டி நடந்துகொண்டிருந்தது. தங்கச்செல்வி மதுரையில் யூடியூப் சேனல் நடத்துபவள். பெரிய கம்பெனிகளின் கேம்களை அவள் தொடுவதில்லை. ஓர் ஆளோ இரண்டு ஆளோ வீட்டில் உட்கார்ந்து உருவாக்கும் சின்ன கேம்களைத் தேடிப் பிடித்து ஆடுவாள். ஒவ்வொரு டிசம்பரிலும் தனக்குப் பிடித்த பத்தை வரிசைப்படுத்திச் சொல்வாள். இந்த வருடம் ஆடியவை நாற்பத்து மூன்று. அதில் முதல் இடம், தமீம் ஆறு வருடமாகத் தனியாகச் செய்த 'பக்கத்து நாற்காலி'க்கு. அதை நேரில் சொல்லத்தான் கேமராவுக்கு யுவராணியை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அந்த கேமில் சண்டை கிடையாது. 2007ஆம் வருடத்து அருப்புக்கோட்டை. ஒரு பிரவுசிங் சென்டர். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு பையன் அங்கே வந்து கார் ரேஸ் ஆடுவான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெண் வந்து நிற்பாள். கொஞ்ச நேரம் பார்ப்பாள். போய்விடுவாள்.

"நெசமாவே பேரு தெரியாது மேடம்" என்றான் தமீம். "நாங்க அஞ்சு பேரு. ஒரே கம்ப்யூட்டரு. ஒருத்தன் ஆடுவான், மத்தவன் எல்லாம் பின்னாடி நின்னு கத்துவோம். கிரீம் பிஸ்கட் தின்ன கையோட கீபோர்டைத் தொட்டோம்னு கடைக்காரரு வைவாரு. இன்னைக்கும் கம்ப்யூட்டரை ஆன் பண்ணி ஃபேன் சுத்துற சத்தம் கேட்டா எனக்கு அந்தக் கடை வாடை வந்துரும்."

"அந்தப் பொண்ணு?"

"தெனமும் சாயங்காலம் வந்து நிப்பா. யூனிபார்ம்தான். ஒம்பதாவது படிச்சிருப்பா. கண்ணாடிகிட்ட வந்து உள்ளயே பார்ப்பா. துப்பட்டாவால மூஞ்சியத் தொடைப்பா. அப்புறம் ஒரு சிரிப்பு சிரிப்பா பாருங்க... நாங்க ரேஸ்ல ஜெயிச்சதைப் பார்த்துத்தான் சிரிக்கிறான்னு நாங்க இன்னும் துள்ளுவோம்."

"யாரும் உள்ள கூப்பிடலையா?"

தமீம் தலை குனிந்தான்.

"எம்பக்கத்துல ஒரு சேரு காலியா கெடக்கும். அதுல என் பையை வச்சிருப்பேன். பையை எடுத்துட்டு, 'வா, வந்து ஆடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பசங்க கேலி பண்ணுவானுகன்னு பயம். ஒரு வருசம் பூரா வந்து நின்னா மேடம். ஒரு நாளு கூட சொல்லல. அடுத்த வருசம் அவ வரல."

நர்கிஸின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கணவன் இவ்வளவு பேசி அவளும் கேட்டதில்லை போலும்.

"பெறகு சவூதி போனேன். ரூம்ல படுத்தா அந்தப் பிள்ளை நிக்கிறதுதான் ஞாபகம் வரும். அதான் கேம்லயாவது அவளை உள்ள கூட்டிட்டு வந்துரணும்னு..."

"மூணு நாள் ரேஸ் ஆடாம, சேர்ல இருக்கிற பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கணும். நாலாவது நாள் கதவைத் தொறந்துக்கிட்டு உள்ள வாரா" என்றாள் தங்கச்செல்வி.

தமீம் நிமிர்ந்தான். "அதைக் கண்டுபிடிச்சிட்டீங்களா? இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல மேடம்!"

"நான் அவளையே பார்த்துக்கிட்டு இருந்தேண்ணே. ரேஸை மறந்துட்டேன்."

தமீம் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இப்ப எங்க இருக்காளோ. பார்த்தா மன்னிப்புக் கேக்கணும். முகம் கூட சரியா ஞாபகம் இல்ல."

"அவளுக்குக் கோவமெல்லாம் இருக்காதுண்ணே" என்றாள் தங்கச்செல்வி. நர்கிஸ் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "போயிட்டு வாரேன் அண்ணி" என்று எழுந்தாள்.

கார் காரியாபட்டியைத் தாண்டும் வரை அவள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பியிருந்தாள். அதற்கு மேல் யுவராணியால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, நீங்க அழுதுக்கிட்டு இருக்கீங்க."

"அந்தப் பொண்ணு நான்தான் யுவா."

யுவராணி காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். "என்னக்கா சொல்றீங்க? அவுககிட்ட ஏன் சொல்லல? அந்த மனுசன் இத்தனை வருசமா..."

"சொன்னா முழுசா சொல்லணுமே. நான் கேம் பார்க்க நிக்கவே இல்லையே."

"அப்புறம்?"

"அப்பா செத்த வருசம். திருச்சுழியில மாமா வீட்டுக்கு வந்துட்டோம். ஸ்கூல் விட்டு அந்தக் கடைகிட்ட பஸ் ஸ்டாப்புல நின்னா எனக்கு அழுகை வந்துரும். அழுத மூஞ்சியோட போனா அம்மா உடைஞ்சிரும். அதனால மூஞ்சியத் தொடைச்சு, அந்தக் கண்ணாடியில பார்த்துச் சிரிச்சுப் பழகிட்டுத்தான் பஸ் ஏறுவேன். கார்ல ஒட்டுற மாதிரி கறுப்பு ஃபிலிம் ஒட்டுன கண்ணாடி யுவா, வெளிய இருந்து பார்த்தா நம்ம மூஞ்சி மட்டும்தான் தெரியும். உள்ள இருந்து ஆளு பார்க்குதுன்னே எனக்குத் தெரியாது. அந்த வருசம் பூரா என்னை ஒருத்தருமே பார்க்கலைன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"