ஒவ்வொரு காலுக்கும் பன்னிரண்டு

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு, ஜீவராணி தன் கணவன் முன்னால் ஒரு முழங்காலை மடித்துத் தாழ்ந்தாள். சோபாவில் சாய்ந்திருந்த பரஞ்சோதி ஆசிர்வாதம் பண்ணுகிறவரைப் போலக் கையை உயர்த்தினார்.

"மன்னிப்புக் கேக்கிறதெண்டா வெறுங்கையோட கேக்கவேணும்" என்றார்.

அவளது ஒவ்வொரு கையிலும் ஐந்து கிலோ டம்பெல் ஒன்று தொங்கியது. இடது கால் முன்னால், வலது கால் பின்னால். முதுகு வளையாமல் நேரே கீழே இறங்கி, பின்முழங்கால் தரையைத் தொட நாலு விரற்கடை இருக்கும்போது நின்று, முன்காலின் குதிக்காலை ஊன்றி எழுந்தாள்.

"ஏழு" என்றாள்.

இதற்கு ஸ்பிளிட் ஸ்குவாட் என்று பெயர். கொழும்பு காலி வீதியில் பெண்களுக்கு ஜிம் நடத்தும் நஸ்லா பழக்கிவிட்ட பயிற்சி. ஜீவராணி பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு வந்து, மூன்று மாதமாக விடாமல் செய்கிறாள். செய்வதற்கு ஹாலை விட்டால் இடமில்லை. மற்ற அறையெல்லாம் பரஞ்சோதியின் பழைய ஃபைல்கள்.

அவர் காப்புறுதிக் கம்பனியொன்றில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வை அரைகுறையாக எடுக்கவில்லை. குடிக்கிற தண்ணீருக்குக்கூட எழும்புவதில்லை.

மேசையில் கிடந்த போனில் நஸ்லாவின் குரல் பதிவு ஓடியது. "அன்ட்டி, முன்னுக்கு ஈக்கிற முட்டி உள்ளுக்குச் சாய வாணாம். ரெண்டு கையிலயும் பாரத்தோட படி ஏறுறதுக்கு இத விட நல்ல எக்ஸசைஸ் இல்ல. ஒவ்வொரு காலுக்கும் பன்னெண்டு. வுட்டுட வாணாம்."

"படியோ?" பரஞ்சோதியின் வயிறு குலுங்கியது. "எங்கட வாசலில இருக்கிறதே ரெண்டு படி. அதில ஏற இவ்வளவு கூத்தோ?"

ஜீவராணி "எட்டு" என்று இறங்கினாள்.

அவர் தன் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். வெள்ளவத்தையிலிருந்து டொரன்டோ வரைக்கும் நாற்பத்திரண்டு சொந்தக்காரர்கள் இருக்கிற குடும்பக் குழுவில் அதைப் போட்டார். கீழே ஒரு வரியும் எழுதினார்: கிழட்டுக் கொக்கு மீன் பிடிக்குது.

சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. லண்டனில் இருக்கிற அக்கா எழுதியதை அவர் உரத்து வாசித்தார். "தம்பி, உன்ர பாடு பாவமடா!"

ஜீவராணி பாதியில் அப்படியே நின்றாள். அழப்போகிறாள் என்று பரஞ்சோதி காத்திருந்தார்.

"வீடியோவில கால் நடுங்கிறது தெரியுதோ?" என்று கேட்டாள்.

"நல்ல வடிவாத் தெரியுது."

"போன மாசம் இதை விட நடுங்கினது" என்றவள், பன்னிரண்டை முடித்துவிட்டுக் காலை மாற்றினாள்.

பரஞ்சோதிக்கு அதுதான் பொறுக்கவில்லை. "இதென்ன பெரிய வித்தை? தள்ளு பாப்பம்" என்று சோபாவிலிருந்து எழும்பினார். எழும்ப மூன்று முயற்சி எடுத்தது. மூன்றாவதில் முருகப்பெருமான் கைகொடுத்தார்.

டம்பெல் இல்லாமலே ஒரு காலை முன்னால் வைத்தார். இறக்கம் சுகமாக இருந்தது, அவர் நினைத்ததை விடச் சீக்கிரமாகவும் முடிந்தது. ஏற்றம்தான் வரவில்லை. ஒரு கை சோபாவைத் தேட, மற்றக் கை அவிழப்பார்த்த சாரத்தைப் பிடிக்க, தொலைக்காட்சிக்கு முன்னால் மண்டியிட்டபடியே மூச்சு வாங்கினார்.

"ஜீவா..." என்றார். அந்தப் பெயரை அவர் கடைசியாக எப்போது சொன்னார் என்பது இருவருக்குமே நினைவில்லை.

அவள் டம்பெல்களை ஓரமாக வைத்தாள். பின்னால் வந்து அவரது கக்கங்களுக்குள் கைகொடுத்து, குதிக்காலை ஊன்றி, தொண்ணூற்றிரண்டு கிலோவையும் ஒரே மூச்சில் தூக்கிச் சோபாவில் இருத்தினாள். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தாள். வலிக்குத் தைலமும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

பரஞ்சோதியின் கண் கலங்கிவிட்டது. "இப்பதான் எனக்கு விளங்குது. நாளைக்கு நான் விழுந்து கிடந்தா என்னைத் தூக்கிப் பாக்கத்தானே இவ்வளவு நாளும் பழகினனீ? வாய் திறந்து சொல்லியிருக்கலாமே."

ஜீவராணி லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

அவருக்கு மனம் நிறைந்துபோயிற்று. அந்த வீடியோவை அழித்துவிடலாமா என்றுகூட யோசித்தார். யோசித்ததோடு சரி. அதற்குள் முப்பத்தொன்பது பேர் சிரித்திருந்தார்கள்.

அரை மணித்தியாலம் கழித்து ஜீவராணி சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு கையிலும் புடைத்துப்போன ஒரு பயணப் பை. முதுகு வளையவில்லை.

"எங்க வெளிக்கிட்டாய்?"

"கொட்டாஞ்சேனையில எனக்கொரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறன். இனி அங்கதான் இருக்கப்போறன்."

பரஞ்சோதி ஒரு கணம் விழித்தார். பிறகு, கோபித்துக்கொண்டு போன கீழுத்தியோகத்தர்களைத் திரும்பக் கூட்டிவந்த பழைய முகாமையாளரின் சிரிப்பு முகத்தில் வந்தது. "நல்லாப் போ. ரெண்டு நாளில நானே வந்து, உன்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறன். முதல்ல விலாசத்தைச் சொல்லு."

ஒளிக்காமல் சொன்னாள். வீதிப் பெயர், கட்டட இலக்கம், கதவு இலக்கம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுதி முடிக்கும் வரை வாசலில் பைகளைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"தாராளமா வாங்கோ. அஞ்சாம் மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடமாப் பாத்துத்தான் எடுத்தனான்."