ஏத்தச் சொல்லி ஒரு பேரம்

செம்பூரில் சுடலைக்கண்ணன் நடத்தும் பாரின் வாசலில் மாரீஸ்வரி மறுபடியும் வந்து நின்றாள்.

“பீர் விலையில இருபது ரூவா ஏத்துங்க, அண்ணாச்சி. நீங்க இப்பிடி மலிவா ஊத்துனா என் குடும்பம் தெருவுக்கு வந்துரும்.”

“ஏத்துனா குடிக்கிறவன் நிறுத்திருவானாக்கும்?”

“இங்க வரமாட்டாம்லா. சரி, பத்தாவது ஏத்துங்க.”

விலையை ஏற்றச் சொல்லிப் பேரம் பேசியவள் பம்பாயிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சுடலைக்கண்ணன் பெருமூச்சோடு ஒரு தாளை நீட்டினார். “சர்க்கார் உத்தரவு. நாளையிலருந்து முந்நூறு ரூவாய்க்குக் கீழ எந்த பார்லயும் பீர் விக்கக் கூடாதாம். ஒனக்கு யோகந்தான் தங்கச்சி.”

மாரீஸ்வரி சிரித்தபடி தெருவைக் கடந்து, எதிரில் இருந்த தன் பாருக்குள் நுழைந்தாள். கல்லாவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள்:

“இனிமே ரெண்டு கடையிலயும் ஒரே விலைதான். அங்க போனவன்லாம் என் ஈரல் வறுவலுக்குத் திரும்பி வருவான், பாருங்க.”