செவிட்டு அத்தை

கடைக்குள் நுழைந்த அந்த அம்மாளைப் பார்த்ததுமே சேல்ஸ்மேனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தலை பஞ்சாய் நரைத்திருந்தது. ஆனால் அந்த உர்ரென்ற முகம் மாறவே இல்லை. செவிட்டு அத்தை.

முப்பத்தைந்து வருஷம் இருக்குமா? தெருவிலேயே டிவி இருந்த ஒரே வீடு அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடும் நேரத்துக்கு இவர் போய் வாசலில் நிற்பார். நிற்பாராவது! பத்து வயசுப் பொடியன், ட்ரவுசரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பான். அவள் ஒரு பார்வை பார்ப்பாள். படாரென்று கதவு சாத்திக்கொள்ளும்.

ஜன்னலைச் சாத்த மட்டும் மறந்துவிடுவாள். அது போதாதா? தெருப் பசங்கள் அத்தனை பேரும் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். அவளுக்குக் காது மந்தம் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். பேர் வைத்தது சாட்சாத் இவர்தான்.

வீட்டுக்குப் போகும்போது கன்னத்தில் இரண்டு கம்பித் தடம் இருக்கும். அந்தத் துரு வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. என்ன சந்தோஷமான சாயங்காலங்கள்! ஆனால் அந்தக் கதவை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை.

"வாங்கம்மா" என்று காதருகே போய்க் கத்தினார்.

அவள் லேசாக முகம் சுளித்தாள். மகன் வெளியூரில் இருக்கிறானாம். எது பிடிக்கிறதோ அதை வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டானாம். இந்த ஸ்மார்ட் டிவி சமாசாரமெல்லாம் எனக்குத் தெரியாது, நல்லதாக நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

வசமாக மாட்டினாள் என்று நினைத்துக்கொண்டார் சேல்ஸ்மேன்.

மூலையில் மலிவு ரகம் ஒன்று ஆறு மாதமாக விலைபோகாமல் கிடந்தது. பேர்தான் ஸ்மார்ட். ஒரு ஆப் திறப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். நேர் எதிரே உட்கார்ந்தால் படம் பரவாயில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் சாயம் போன துணிதான். அதை இவள் தலையில் கட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். சுவர் முழுக்க ஓடிக்கொண்டிருந்த மற்ற ரகங்களைப் பற்றி மூச்சே விடவில்லை. அதெல்லாம் வீண் ஆடம்பரம், எங்கே நின்று பார்த்தாலும் இது பளிச்சென்று தெரியும் என்று கூசாமல் சொன்னார்.

அவள் டிவிக்கு நேராக நிற்கவே இல்லை. பக்கவாட்டில் நடந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து நடைபாதைக்கே போய்விட்டாள். அங்கே முழங்காலை மடக்கிக் குனிந்து, ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "அங்கேருந்து பாத்தா எல்லார் முகமும் கரி பூசின மாதிரி தெரியுதே தம்பி?"

"அங்கேருந்து யாரும்மா பாக்கப் போறாங்க?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். எதிர் மனையில் கட்டடம் எழும்புகிறதாம். அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் நாலு பேர் தினமும் ஜன்னலில் வந்து நிற்பார்களாம். போன மாதம் பழைய டிவி கண்ணை மூடிவிட்டது. அது தெரியாமல் அதுகள் வந்து வந்து ஏமாந்து போகின்றனவாம்.

"உள்ள கூப்பிட வேண்டியதுதானே?" சேல்ஸ்மேனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"கூப்பிடாமலா? காலெல்லாம் சிமென்ட்டுன்னு கூச்சப்பட்டுக்கிட்டு வர மாட்டேங்குதுங்க. அந்தக் காலத்துல வாசல்ல வந்து நின்னதுங்களைத்தான் என்னால கூப்பிட முடியல. எங்க வீட்டுக்காரர் உள் ரூம்ல படுத்திருப்பார். வெளியாள் கால் வெச்சுட்டா அன்னிக்கு டிவி ஒயரையே பிடுங்கிடுவார். அதான் கதவைச் சாத்திட்டு, டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி வெச்சிடுவேன்."

மறந்துபோன ஜன்னலா அது? ஒரு வாரம்கூடத் தவறாமல் யாராவது மறப்பார்களா? இது ஏன் இத்தனை வருஷம் தன் மண்டையில் ஏறவில்லை என்று சேல்ஸ்மேனுக்கு வெட்கமாக இருந்தது.

மூலை டிவியை அணைத்தார். "இது வேணாம்மா. நான் சொன்னது தப்பு."

பெரிய விலை ரகமும் வேண்டாம், அந்தச் சுவரளவு டிவி உங்கள் கூடத்துக்கு அதிகம் என்று சொல்லி, நடு ரகத்தில் ஒன்றைப் போட்டுக் காட்டினார். அவளை நிற்கச் சொல்லிவிட்டு, தானே நடைபாதைக்குப் போனார். குனிந்தார். கண்ணாடியில் கன்னத்தை வைத்து அழுத்திப் பார்த்தார். ஒரு நிறம்கூட மங்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

உள்ளே வந்தும் பழைய ஞாபகத்தில் கத்தினார். "இதுல சத்தமும் நல்லா வரும்மா. உங்க காதுக்கு..."

"வந்ததுலேருந்து ஏன் தம்பி கத்தறீங்க? எனக்குப் பாம்புக் காது. ஜன்னலுக்கு வெளியில கேக்கணுமில்ல? அதுக்காக வீட்டுக்காரர்கிட்ட காது மந்தம்னு ஒரு பொய் சொல்லிவெச்சேன். அவர் போற வரைக்கும் அதைக் காப்பாத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அத்தை சிரித்தாள்.

"ஜன்னல்ல நின்னுக்கிட்டு அந்தப் பசங்க எனக்கு வெச்ச பேருகூட வாராவாரம் நல்லாத்தான் கேட்டுச்சு."