தாய்மாமன் மடி

"மடியில வச்சிக்க மாட்டேன்னா அப்புறம் எதுக்குண்ணா வந்தே?"

மாதேஸ்வரி போட்ட சத்தத்தில் கோயில் வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

குருபரப்பள்ளியில் குலதெய்வத்துக்கு முன்னால் அவள் மகன் ஹரீஷுக்கு அன்றைக்கு மொட்டை, காதுகுத்து. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மூன்று வயசுப் பையன் தயார். ஊசியோடு ஆசாரியும் தயார். தாய்மாமன் பாஸ்கரன் மட்டும் முகத்தில் மாஸ்க்கோடு ஒதுங்கி நின்றான்.

பெங்களூரில் அவனுக்கு மாற்று இதயம் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஓசூர் கம்பெனிக்கு மறுபடி வேலைக்கே போகிறான். பார்க்க ஆள் நன்றாகத்தான் இருந்தான்.

"சித்தப்பா மகன் மணி இருக்கானே, அவனும் மாமன்தானே? அவன் மடியில வச்சிக்கட்டும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"கூடப் பொறந்தவன் நீ குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப மணி எதுக்கு?"

"மாதேஸ்வரி, அவருக்கு வந்து..." என்று ஆரம்பித்தாள் பாஸ்கரனின் மனைவி ரஞ்சிதா. அவன் சட்டென்று அவள் கையைப் பிடித்து அழுத்தினான். ரஞ்சிதா வாயை மூடிக்கொண்டாள்.

ஓகோ, எல்லாம் அண்ணி வேலையா! மாதேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ ஆபரேஷனுக்குப் போனப்ப இந்தச் சாமிகிட்ட என்னா வேண்டுனேன் தெரியுமா? எங்கண்ணன் பொழச்சு வந்தா அவன் மடியிலதான் எம்புள்ளைக்குக் காது குத்துவேன். அதுவரைக்கும் ராத்திரிச் சோத்தைத் தொடமாட்டேன்னு!"

"அப்ப கேஸ் ட்ரபிள், ராத்திரி சாப்டா ஒத்துக்கலைன்னு சொன்னதெல்லாம்?" என்றான் பாஸ்கரன்.

"வேண்டுதலை வெளிய சொல்வாங்களா? ரெண்டு வருஷமா நான் வெறும் வயித்தோட படுக்கறேன். நீ என்னடான்னா... அடுத்தவங்க இதயத்த வச்சதும் பாசமும் போயிடிச்சாக்கும்!"

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஆனால் வாயை விட்டாயிற்று.

பாஸ்கரன் தூணைப் பிடித்தபடி மெதுவாக மணையில் உட்கார்ந்து, பையனுக்காகக் கையை நீட்டினான்.

அப்படி வா வழிக்கு, என்று நினைத்துக்கொண்டாள் மாதேஸ்வரி.

ஊசி பட்டதும் பையன் வீறிட்டு, உடம்பை வளைத்து ஒரு துள்ளு துள்ளினான். பாஸ்கரனிடமிருந்து "ம்" என்று ஒரு முனகல் வந்தது. பிடியை மட்டும் விடவில்லை. இரண்டாவது காதும் சுத்தமாகக் குத்தி முடிந்தது.

பந்தி போட்டார்கள். பாஸ்கரன் மணையை விட்டு எழுந்து வரவேயில்லை.

"துரைக்குக் கோவத்தைப் பாரு!" என்று திட்டப் போன மாதேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். அவன் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கண்ணை இறுக மூடியபடி தூணில் சாய்ந்திருந்தான்.

ஐயோ, இதயம்! அலறி அடித்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு ஓடினார்கள்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார்.

"இதயத்துக்கு ஒண்ணுமில்ல. முதுகெலும்புல ரெண்டு எலும்பு நொறுங்கியிருக்கு. எதையாவது தூக்கினாரா?"

"கொழந்தையத்தான் மடியில..." என்று இழுத்தாள் மாதேஸ்வரி.

"மாத்து இதயத்தை உடம்பு ஒதுக்காம இருக்க மாத்திரை போடறாரில்லம்மா, அதுல எலும்பு மெலிஞ்சு போகும். இவருக்கு ரொம்பவே மெலிஞ்சிருக்கு. கனம் தூக்கவே கூடாதுன்னு போன மாசமே எழுதிக் குடுத்திருக்காங்களே!"

மாதேஸ்வரி ரஞ்சிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?"

"எங்க சொல்ல விட்டாரு? தங்கச்சி இப்பத்தான் நிம்மதியா இருக்கா, எலும்பும் போச்சுன்னு தெரிஞ்சா உடைஞ்சிடுவா, சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு."

கட்டிலில் அசையாமல் படுத்திருந்தான் பாஸ்கரன். மாதேஸ்வரி அவன் காலடியில் உட்கார்ந்து தேம்பினாள்.

"எம்புத்தியை எதால அடிக்கறது? நான் சொன்ன அந்த ஒரு பேச்சுக்காகவாண்ணா உக்காந்தே?"

"எந்தப் பேச்சு?" என்றான் அவன். நிஜமாகவே அவனுக்கு நினைவில்லை. "அது கெடக்குது விடு. வேண்டுதல் முடிஞ்சிடிச்சில்ல? இன்னிக்கு ராத்திரி சாப்பிடுவே இல்ல?"