கார்டு இல்லாமல் வேலை இல்லை

"யாரைக் கேட்டு கார்டைக் கழட்டினே?"

மச்சினர் போட்ட சத்தத்தில் பட்டறைத் தொழிலாளி தாடி பதறிப்போய், இரும்பறுக்கும் ஆங்கிள் கிரைண்டரை அணைத்தான். அணைத்த உடனே சக்கரம் நின்றுவிடுமா என்ன? அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மச்சினரின் வாயும் அப்படித்தான், தானாக ஓய்ந்தால்தான் உண்டு.

இரும்புப் பட்டறை முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அவருடைய படிப்பு, அனுபவம், தகுதி எல்லாம் அது ஒன்றுதான். ஆகவே சூப்பர்வைசர். முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'மச்சினர்'.

"சின்ன வேலைதானே சார், ஒரு கம்பி அறுக்கணும், அவ்வளவுதான்" என்று இழுத்தான் தாடி.

"ஓஹோ! சின்ன வேலைன்னா சக்கரம் உடைஞ்சா மெதுவா வந்து படுமா? 'சின்ன வேலைதான், கண்ணை விட்டுடறேன்'னு சொல்லுமா?"

பட்டறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மச்சினர் திரும்பிப் பார்த்ததும் இருமினார்கள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. போன வாரம் முதலாளி ஃபோனில் பிடிபிடியென்று பிடித்திருந்தார்.

"இங்க பாரு மாப்ள. பக்கத்துப் பட்டறையில சக்கரம் தெறிச்சு ஒருத்தனுக்குக் கன்னமே கிழிஞ்சு போச்சு. நமக்கு ஆர்டர் குடுக்கற கம்பெனி உஷாராயிடுச்சு. புதன்கிழமை ஒரு அம்மா சோதனைக்கு வர்றாங்க. கார்டு இல்லாம அங்க ஒரு வேலையும் நடக்கக் கூடாது. கார்டு இருந்தாத்தான் ஆள் பொழைப்பான். புரிஞ்சுதா?"

"இதுகூடப் புரியாதா மாமா? எனக்கென்ன மூளை இல்லையா?"

"அந்தச் சந்தேகத்துலதான் கேக்கறேன். ஆர்டர் போச்சுன்னா உன் நாற்காலியும் போச்சு. உங்கக்கா ஒப்பாரி வெச்சாலும் திரும்பி வராது."

நாற்காலி என்றதும் மச்சினர் உட்கார்ந்திருந்த நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். இதற்கு முன் பார்த்த வேலைகள் எதையும் அவர் விட்டதில்லை. அவைதான் அவரை விட்டன. இதுவும் போனால் அக்கா வீட்டுச் சாப்பாடும் சேர்ந்து போகும். அந்தப் பயத்தில் செல்ஃபோனில் படம் படமாகப் பார்த்து, ஒரே வாரத்தில் பாதுகாப்பு நிபுணராகிவிட்டார். கண்ணாடி வாங்கினார், கையுறை வாங்கினார், கார்டுக்கும் ஏற்பாடு செய்தார். இன்றைக்குத்தான் புதன்கிழமை.

"சக்கரத்துல விரிசல் இருக்கான்னு பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"சக்கரம் மாத்தும்போது பிளக்கைப் பிடுங்கினியா?"

"பிடுங்கினேன் சார்."

"ரெண்டு கையாலயும் பிடிக்கணும். சக்கரத்துக்கு நேரா நிக்கக் கூடாது. அது என்ன கழுத்துல துண்டு, மாப்பிள்ளை ஊர்வலமா? நுனியைச் சக்கரம் புடிச்சு இழுத்தா துண்டு மட்டுமா போகும்? கழட்டு!"

தாடி துண்டைக் கழற்றினான். "அப்ப கார்டும் வேண்டாம்தானே சார்?"

"நக்கலா?"

"நெசமாத்தான் கேக்கறேன். குனிஞ்சா ஆடுது. அறுக்கற எடத்துல குறுக்க வருது. நேத்து சக்கரத்துல உரசி ஓரமே தேஞ்சு போச்சு."

"ஆடுச்சுன்னா இறுக்கிக்கோ."

"இறுக்கினா எனக்கு மூச்சு முட்டுது சார்."

"நாலு நாள் முட்டும், அப்புறம் பழகிடும். தேஞ்சா தேயட்டும், புதுசு தர்றேன். உன் உசுரு தேஞ்சா கடையில விப்பாங்களா? மாட்டுய்யா!"

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொன்ன வாய்க்கே ஒரு கணம் புல்லரித்தது. தாடி வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே கார்டை மாட்டினான். அது நிச்சயம் வாழ்த்து இல்லை.

வாசலில் கார் நின்றது. கம்பெனி அம்மா இறங்கி வந்தார். மச்சினர் உடம்பை வில்லாக வளைத்து வணக்கம் போட்டார்.

அந்த அம்மா ஒவ்வோர் ஆளாகப் பார்த்தார். கண்ணாடி இருந்தது, கையுறை இருந்தது. தீயணைக்க மணல் வாளிகூட இருந்தது. "பரவாயில்லையே" என்றார். மச்சினருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மானசீகமாக நாற்காலிக்கு ஒரு மெத்தைகூடப் போட்டுவிட்டார்.

"எல்லாம் சரி, கார்டு எங்க?"

இந்தக் கேள்விக்குத்தானே ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் காத்துக் கிடந்தார்!

"தாடி, முன்னால வா. மேடத்துக்குக் கார்டைக் காட்டு!"

தாடி சட்டைக்கு மேல் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினான். மச்சினர் அதன் நாடாவைப் பிடித்து, அவனையும் சேர்த்தே முன்னால் இழுத்தார்.

"போட்டோ, பேரு, ரத்தம் என்ன வகை, வீட்டு ஃபோன் நம்பர், எல்லாம் இருக்கு மேடம். எது வந்து தெறிச்சாலும் ஆளைக் காப்பாத்திடலாம்!"

அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு கிரைண்டரைக் காட்டினார். சக்கரம் மொட்டையாக நின்றது.

"ஐயோ, நான் கேட்டது மெஷினுக்குப் போடற கார்டு! சக்கரத்தை மூடி நிக்குமே, அரைவட்டத் தகடு!"

மச்சினருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அட, மூடியா? நாங்க அதை மூடின்னுதான் சொல்லுவோம் மேடம்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். "அதெல்லாம் கழண்டு மூலையில சும்மாதானே கெடந்துச்சு? அதைப் பழைய இரும்புக்குப் போட்டு வந்த காசுலதான் இந்தக் கார்டையே அடிச்சோம்!"