ஜன்னல் பக்கத்துக் கணினி

தொட்டுப் பார்த்தாள். உடம்பு கொதித்தது. வைத்த புறங்கையை எடுக்க மனம் வரவில்லை.

"மேடம், ஆட்டம் நடக்கும்போது கணினியத் தொடக் கூடாது" என்றார் நடுவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

கையை எடுத்துக்கொண்டாள். அவளுடைய ஒன்பது வருட உழைப்பு அந்தக் கணினிக்குள் இருந்தது: தானாகச் சதுரங்கம் ஆடும் புரோகிராம். எதிர் மேசையில் ஓடுவது அவள் தம்பி எழுதியது. அலுவலகத்தில் அவற்றுக்கு மூத்தவன், இளையவன் என்று பெயர். இரண்டில் ஒன்றைத்தான் இனி வைத்துக்கொள்வோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. தோற்றதை அழித்துவிடுவார்கள்.

நூறு ஆட்டம். ஒரே மாதிரிக் கணினி, ஒரே அளவு நேரம், ஒவ்வொரு தொடக்க நகர்வு வரிசையையும் வெள்ளைக் காயில் ஒரு தடவை, கறுப்புக் காயில் ஒரு தடவை. எதிராளி காய் நகர்த்தும் முறை வரும்போது யோசிக்கக் கூடாது. ஒன்று பிசகினாலும் மொத்தப் போட்டியும் செல்லாது. இத்தனையையும் வரி வரியாக எழுதிக் கொடுத்ததே அவள்தான்.

நாலு நாளில் தொண்ணூற்றெட்டு ஆட்டம் முடிந்திருந்தது. மூத்தவன் நாற்பத்து மூன்று, இளையவன் ஐம்பத்தைந்து. மிச்சம் இரண்டையும் ஜெயித்தாலும் எட்டாது.

தன் புரோகிராம் மட்டமானது என்பதைத் தவிர வேறு எந்தக் காரணத்தையும் ஏற்றுக்கொள்ள அவள் தயாராக இருந்தாள். மதிய வெயில் ஜன்னல் வழியாக அவள் மேசையில் விழுந்தது. தம்பியின் கணினி தன் முறை முடிந்ததும் சத்தம் அடங்கிவிடுகிறது. அவளுடையது யார் முறையானாலும் ஓயாமல் இரைந்தது. வெயிலில் மூச்சு வாங்குகிறது என்றே அவளுக்குத் தோன்றியது.

"சார், இது சமமான போட்டி இல்ல. வெயில் பூரா என் பக்கம். சூடானா வேகம் குறையும்னு உங்களுக்கே தெரியும். எல்லாத்தையும் திறந்து பாருங்க."

தம்பி நிமிர்ந்தான். "வேணாம் அக்கா. விட்டுடு."

"ஏன், உனக்கென்ன பயம்?"

அவன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். காது சிவந்திருந்தது. சின்ன வயதில் எதையாவது மறைத்தால் அவனுக்கு அப்படித்தான் சிவக்கும். அதைப் பார்த்ததும் அவளுக்கு நம்பிக்கை பிறந்தது. பிறந்ததற்காகக் கொஞ்சம் அருவருப்பாகவும் இருந்தது.

நடுவர் இரண்டு கணினிகளின் பதிவுகளையும் அருகருகே வைத்து அரை மணி நேரம் பார்த்தார். அவள் சுவரோடு நின்றாள். ஒரு பிசகு இருக்கட்டும், மயிரிழை இருந்தாலும் போதும். யாரிடம் கெஞ்சுகிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொன்னது சரிதான் மேடம். ரெண்டு பக்கமும் சமமா இல்ல. போட்டி செல்லாது."

அவளுக்குப் போன உயிர் வந்தது. தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"வேகமெல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார் நடுவர், சொல்லத் தயங்குகிறவர் போல. "எதிராளி முறையில யோசிக்கிறத நிறுத்தி வைக்கணும்ல, உங்க பக்கம் அத நிறுத்தவே இல்ல. முதல் ஆட்டத்துலேர்ந்து உங்களுது ரெண்டு மடங்கு நேரம் யோசிச்சிருக்கு."

போன வாரம் தனியாகச் சோதித்துப் பார்க்க அவளே அதை இயக்கியிருந்தாள். அணைக்க மறந்திருக்கிறாள். இரண்டு மடங்கு யோசித்தும்... அதற்கு மேல் நினைக்க முடியாமல் சுவரில் சாய்ந்தாள். தம்பி தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தான்.

"முதல் நாளே கவனிச்சேன் அக்கா" என்றான் மெதுவாக. "அப்படியாவது நீ ஜெயிப்பேன்னுதான் வாயத் திறக்கல."