ஒன்பது வருட வித்தியாசம்

“முதல்ல உட்கார வை. அப்புறம் தண்ணி குடு. விஷயத்தைக் கடைசியா சொல்லு” என்றார் பேராசிரியர். கெட்ட செய்தி சொல்ல அவரிடம் இருந்த ஒரே வரிசை அதுதான்.

“நீங்களே சொல்லிடுங்களேன் சார்.”

“உன் மிஷின்தானே கண்டுபிடிச்சது?”

ஆராய்ச்சி மாணவி தன் அறைக்கு வந்தாள். நாற்பதாயிரம் பேரின் விழித்திரைப் படங்களை ஊட்டி, படத்தைப் பார்த்தே ஆளின் வயதைச் சொல்லும் நரம்பு வலைப்பின்னல் ஒன்றைக் கணினியில் பழக்கியிருந்தாள். கண் சொல்லும் வயது நிஜ வயதைவிட ரொம்பவும் கூடினால் உடம்பில் எங்கோ நோய் ஒளிந்திருக்கிறது என்பது அவள் ஆய்வு.

ஆய்வகத்தில் வேலை செய்யும் நூற்றிருபது பேரைச் சோதித்ததில் பிசகு இரண்டு வயதைத் தாண்டவில்லை, ஒருவரைத் தவிர. டிரைவருக்குப் பதிவேட்டில் ஐம்பத்திரண்டு. கண்ணில் அறுபத்தொன்று.

அவள் முதலில் சந்தேகப்பட்டது தன்னைத்தான். லென்ஸைத் துடைத்தாள். கேமராவை மாற்றினாள். வலைப்பின்னலை ஆதியிலிருந்து மறுபடி பழக்கினாள். அறுபத்தொன்று அசையவில்லை.

வருடாந்தரப் பரிசோதனை என்று பொய் சொல்லி அவருக்கு ரத்தம், சிறுநீரகம், இதயம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு குறையும் இல்லை. “அதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார் பேராசிரியர்.

மிஷின் தப்பென்றால் ஆய்வேடு போயிற்று. சரியென்றால் மனிதர் போனார். எதற்காக வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

டிரைவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். “கூப்பிட்டியா பாப்பா? நேத்து லீவு போட்டுட்டேன். என் தம்பிக்கு வேலையில கடைசி நாள். கைக்கடிகாரம் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இனிமே மணி பார்த்து அவன் என்ன கிழிக்கப் போறான்?”

“உட்காருங்கண்ணே.”

“வண்டி எடுக்கணும்மா.”

“பரவாயில்ல. இந்தாங்க, தண்ணி.”

“தாகமே இல்லையே.”

“குடிங்கண்ணே.”

அவள் முகத்தைப் பார்த்து அவர் தம்ளரை வாங்கிக்கொண்டார். “யாருக்கு என்ன ஆச்சு?”

சொல்ல வேண்டியதை எண் போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

“அண்ணே, உங்களுக்கு ஐம்பத்திரண்டுதான் ஆகுது. ஆனா உங்க கண்ணைப் பார்த்துட்டு மிஷின் அறுபத்தொண்ணுங்குது. நாலு தடவை பார்த்துட்டேன், மாறவே இல்ல. உள்ளுக்குள்ள ஏதோ பெரிய வியாதி இருக்கலாம்னு சார் நினைக்கிறார்.” அவள் நோட்டை மூடினாள். “அண்ணிகிட்ட வேணும்னா நானே வந்து சொல்றேன்.”

வாய்க்குப் போன தம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் அதை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்தார். எழுந்து போய், தாழ்வாரத்தில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்து, குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“என் நெஜ வயசை மிஷின்கிட்ட யாரும்மா போட்டுக் குடுத்தது?”